ஏழாம் இலக்கக் குடும்பம்

அந்தப் பெண் முதல்முறை வந்தபோது அங்கம்மா அவளுக்கு உட்காரப் பலகைகூடப் போடவில்லை. இஸ்தோப்பில், முன்தாழ்வாரத்தில், நிற்கவைத்தே பேசினாள். வெளியே தூறல். ஹந்தானை மலையில் ஆனி மாதம் தூறல் நின்றால்தான் அதிசயம். வந்தவள் குடையை மடக்கிச் சுவரோடு சாய்த்துவிட்டுக் குனிந்து காலிலிருந்த அட்டையைப் பிடுங்கப் பார்த்தாள். பழக்கமில்லாத விரல்கள். அட்டை வழுக்கிக்கொண்டே இருந்தது. அங்கம்மா பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர, தடவினால் அட்டை விழுந்துவிடும் சவர்க்காரத் துண்டை எடுத்துக் கொடுக்கவில்லை.

"நான் பத்மாதேவி. மெடிக்கல் ஸ்ருடன்ற். நாலாம் வருசம். இந்த வீட்டை எனக்குத் தந்திருக்கினம்."

"வீட்டக் குடுத்துருக்காங்களா? யாரு குடுத்தது? இது தேயிலத் தோட்டத்து ஒத்த அறைக் காம்பரா மிஸ்."

"ஐயோ, அப்பிடியில்லை அம்மா. ஒவ்வொரு ஸ்ருடன்றும் ஒரு குடும்பத்தை ஒரு வருசத்துக்குப் பாக்க வேணும். என்ன சாப்பிடுறியள், தண்ணி எங்கயிருந்து வருகுது, ஆருக்கு என்ன வருத்தம் எண்டு. இதுவும் எங்கட படிப்புத்தான்."

பேச்சைக் கேட்டதுமே அங்கம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். யாழ்ப்பாணத்துப் பேச்சு. அது எண்பத்தாறாம் வருஷம். வைகாசியில் கொழும்பில் குண்டுகள் வெடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மலையடிவாரத்தில் ரோட்டுக்குக் குறுக்கே பொலிஸ்காரர்கள் மரக்கட்டை போட்டு, ஏறி இறங்குகிற ஒவ்வொருவரையும் நிறுத்திப் பார்த்தார்கள். அந்தக் கட்டையைத் தாண்டி, ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை தனியாகத் தன் லயத்து வரிசை வீட்டுக்கு ஏன் வரவேண்டும்?

பத்மாதேவி பையிலிருந்து நீல மட்டைக் கொப்பி ஒன்றை எடுத்தாள். "வீட்டில எத்தினை பேர் அம்மா?"

"ரெண்டு பேரு. நானும் எம் மகளும். செவமணி. பதிமூணு வயசு."

"அவவின்ர அப்பா?"

"வேலைக்குப் போயிருக்காரு."

"அப்ப மூண்டு பேர்."

அந்தப் பெண் எழுதுவதையே அங்கம்மா பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில், சாக்கைப் போர்த்திக்கொண்டு அவள் புருஷன் கறுப்பையா குந்தியிருந்தான். இருமல் வந்தால் துண்டைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொள்ளும்படி அங்கம்மாதான் சொல்லிவைத்திருந்தாள்.

கறுப்பையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். ஒரு காலத்தில் அவன் வெட்டிய மலையைப் பார்த்தாலே கங்காணிக்குத் தெரியும், அத்தனை சமமாக இருக்கும். இப்போது நாலு செடி வெட்டினால் கத்தியை ஊன்றிக்கொண்டு நின்றான். அந்தியானால் உடம்பு சுட்டது. இரண்டு முறை சளியோடு ரத்தம் வந்தது. அது என்ன நோய் என்று அங்கம்மாவுக்குத் தெரியாமலில்லை. கீழ் லயத்து மூக்கனுக்கு அதே நோய் என்று தெரிந்த மாதமே தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டினார்கள். பிறகு காம்பராவையும் கேட்டார்கள். அவன் பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

நோய் மட்டும் என்றால்கூட ஒருவிதம். எழுதுகிறாளே, அதுதான் அங்கம்மாவுக்கு ஆகவில்லை. அவளுடைய தங்கை பாப்பம்மா கண்டி டவுனில் ஒரு யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தவள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அந்த வீடு எரிந்தது. பின்மதிலேறிக் குதித்துக் கால் சுளுக்கி, ஹந்தானை வரைக்கும் நடந்தே வந்து, இதே இஸ்தோப்பில் விழுந்தாள். "கையில பேரு எழுதுன தாளு வச்சிருந்தாங்கக்கா. தாளப் பாத்துப் பாத்துதான் ஒவ்வொரு வீடா வந்தாங்க. பக்கத்துச் சிங்கள வீட்ட தொடல" என்று மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து யாராவது பேர் கேட்டு எழுதினால் அங்கம்மாவுக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வரும்.

பத்மாதேவி வெள்ளிக்கிழமைதோறும் வந்தாள். பின்னேரம் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அங்கம்மா வீடு திரும்பும் நேரம் பார்த்து, குடையும் பையுமாக ஏறி வருவாள். அங்கம்மா ரொட்டி தட்டுவாள், சம்பல் அரைப்பாள். பத்மாதேவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டேயிருப்பாள். ரொட்டிக்கு எத்தனை சுண்டு மா? மகளுக்குப் பால் உண்டா? முட்டை எத்தனை நாளைக்கு ஒருக்கால்? அங்கம்மா வாய்க்கு வந்ததைச் சொல்வாள். ஒருநாள் முட்டை தினமும் என்றாள். பத்மாதேவி எழுதாமல் பேனாவை மூடிக்கொண்டாள்.

"நீங்க டாக்டருக்குத்தானே படிக்கிறீங்க? மொத வருசத்துலருந்தே இப்பிடி வூடு வூடாத்தான் அலைய விடுவாங்களா?"

"இல்லையம்மா. முதல் ரெண்டு வருசமும் உடம்பைப் பற்றிப் படிச்சம். செத்த ஆக்களின்ர உடம்பை வெட்டித்தான். அதில பாஸ் பண்ணினாத்தான் ஆஸ்பத்திரிக்குள்ள விடுவினம். இப்ப காலமையில வார்ட்டுக்குப் போறம், பின்னேரம் விரிவுரை. அதுக்குள்ள வெள்ளிக்கிழமை மட்டும் இது."

"செத்தவங்கள மொதல்ல பாத்துட்டு, அப்பறந்தான் உசிரோட இருக்கவங்களா?"

"ஓம். அப்பிடித்தான் வைச்சிருக்கினம்."

"சரி, நோவு வந்தவுங்க ஆஸ்பத்திரிக்கு வருவாங்க. அங்க பாருங்க. நோவு இல்லாத வூட்டுல ஒங்களுக்கு என்னா வேல?"

"வருத்தம் எங்கயிருந்து வருகுது எண்டு பாக்கத்தான். வார்ட்டில ஒருத்தரைச் சுகப்படுத்தி அனுப்புவம். அவர் திரும்பி வந்து அதே தண்ணியைக் குடிச்சா திரும்பவும் வருவார். வருத்தத்தை மட்டும் பாக்கிறவர் பாதி டொக்டர்தான் எண்டு எங்கட சேர் சொல்லுவார்."

"அப்ப நோவு எங்க வூட்டுலருந்துதான் வருதுன்னு சொல்றீங்க."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை அம்மா!"

"வேற எப்பிடி?"

பத்மாதேவி பெருமூச்சு விட்டாள். "உண்மையைச் சொல்லுறன். உங்களைப் பற்றி எழுதிக் குடுக்காட்டி எனக்கு மார்க்ஸ் இல்லை. வருசக் கடைசியில வைவா. மூண்டு பேர் இருந்து கேள்வி கேப்பினம். பதில் சொல்லாட்டி திரும்பவும் ஒரு வருசம் இருக்கவேணும்."

அவள் சொன்னதிலேயே அங்கம்மாவுக்கு நம்பும்படி இருந்தது அது ஒன்றுதான். தனக்கென்று ஒரு தேவை இருக்கிறவள் பொய் சொல்ல மாட்டாள் என்று நினைத்தாள். அன்றைக்குத்தான் ஒரு கோப்பை பாலில்லாத் தேயிலைச் சாயத்தண்ணி கொடுத்தாள்.

அந்த நம்பிக்கை ஒரு கிழமைகூட நிற்கவில்லை. அடுத்த வெள்ளி பத்மாதேவி கொப்பியை முழங்காலில் விரித்துப் படம் கீறினாள். லயம், படி, தண்ணீர் பிடிக்கிற பீலி, கக்கூஸ், கழிவு ஓடுகிற கான், ரோட்டுக்கு இறங்குகிற ஒற்றையடிப்பாதை எல்லாம் இருந்தன. சிவமணி பக்கத்தில் குந்தி, "இந்தப் பாதை குறுக்குப் பாதை மிஸ், இதுல போனா செக்போஸ்ட்டு வராது" என்று விரலால் காட்டினாள். அங்கம்மா மாக்கையோடு எட்டிப் பார்த்தாள். எதற்குப் பாதை? பொலிசுக்கா, துப்பாக்கியோடு பொலிசைச் சுற்றிப் போகிறவர்களுக்கா? இரண்டில் எதுவானாலும் எரியப்போவது இந்த லயம்தான்.

"பீலியைப் போய்ப் பாத்திட்டு வாறன்" என்று பத்மாதேவி சிவமணியோடு மேலே ஏறினாள். கொப்பி நனைந்துவிடும் என்று குடைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அங்கம்மா அதை எடுத்து விறகுக்கு அடியில் செருகினாள்.

திரும்பி வந்தவள் தேடினாள். பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். "அம்மா, என்ர கொப்பியைக் கண்டனிங்களோ?"

"இல்லியே மிஸ். பீலியில வச்சிருப்பீங்க."

பத்மாதேவி குடையைப் பார்த்தாள், அங்கம்மாவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மீண்டும் பீலிவரைக்கும் போய்த் தேடிவிட்டு இறங்கிப் போனாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அங்கம்மா கொழுந்துச் சாக்கில் கொப்பியைச் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, குறுக்குப் பாதையில் இறங்கி ஹுஸைன் முதலாளியின் கடைக்குப் போனாள். ஹுஸைன் அலவத்துகொடைக்காரர்; அந்தப் பக்கத்து முஸ்லிம் பேச்சில் 'இருக்கு' எல்லாம் 'ஈக்கி'. மலையடியில் இருபது வருஷமாகச் சில்லறைக் கடை வைத்திருக்கிறார். இங்கிலீஷ் தந்தி வந்தால் லயத்தார் அவரிடம்தான் கொண்டு போவார்கள்.

ஹுஸைன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதில ஒங்கட பேர் ஒண்டும் இல்லியே அங்கம்மா."

"நல்லாப் பாருங்க மொதலாளி. நான் சொல்லச் சொல்ல எழுதுனிச்சு."

"பாத்திட்டுத்தான் செல்றன். ஏழாம் இலக்கக் குடும்பம் எண்டு எழுதி ஈக்கி. தாய், தகப்பன், மகள். பேர் இல்ல, லயத்துப் பேர் இல்ல, தோட்டத்துப் பேரும் இல்ல." அவர் இன்னொரு பக்கத்தைத் திருப்பி, வாசித்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்தார். "கறுப்பையாக்கு இருமலா?"

அங்கம்மா கடையில் வேறு ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"எழுதி ஈக்கி. தகப்பனைக் காணக் கிடைக்கல்ல. சுவருக்கு அங்கால ஆரோ இருமுற சத்தம் நாலு தரம் கேட்டது. இருமல் துடங்கி மூணு மாசமாவது ஈக்கும். காசநோயாக ஈக்கலாம். தாய் என்னை நம்பல்ல. நம்பாததுக்கு அவட பக்கத்தில நியாயம் ஈக்கி. அவசரப்படுத்தினா கதவை மூடிப்போடுவா." ஹுஸைன் கொப்பியை மூடினார். "அவ்வளவுதான்."

அங்கம்மா விரலை மடக்கி எண்ணினாள். நாலு தரம். எல்லாம் காதில் விழுந்தும், அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்காமல், சாயத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"ஆனா இந்தப் படம்," என்று ஹுஸைன் தணிந்த குரலில் சொன்னார். "கக்கூஸ், பீலி எண்டுதான் எழுதி ஈக்கி. வாசிக்கிறவனுக்கு அது விளங்கும். தோளில துவக்கு வெச்சிக்கிறவன் பாதையை மட்டும்தான் பாப்பான். அந்தப் புள்ள படிச்ச புள்ள, ஆனா உலகம் தெரியல்ல. இதக் கிழிச்சிப் போடு. கொப்பிய வெள்ளிக்கிழமை குடுத்திரு."

படத்தைக் கிழித்துக் கடை அடுப்பில் போட்டாள். கொப்பியை மறுபடி விறகுக்கு அடியில் வைத்தாள்.

ஆனால் பத்மாதேவி வெள்ளிவரைக்கும் பொறுக்கவில்லை. கொப்பியில்லாமல் வைவாவுக்குப் போகமுடியாதே. திங்கட்கிழமை மத்தியானம் வார்ட்டிலிருந்து நேராகத் தேடி வந்தாள். வழக்கமான நாள் அல்ல. பொலிஸ் கட்டையடியில் நின்றவர்கள் புது ஆட்கள். யாழ்ப்பாண அடையாள அட்டை. பையில் ரப்பர் குழாயும் ஊசிப் பெட்டியும். எங்கே போகிறாய் என்றதற்கு, ஒரு கொப்பியை விட்டுவிட்டு வந்தேன் என்றாள். கொப்பியில் என்ன இருக்கிறது என்றதற்கு, ஒளிக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னாள். படம் இருக்கிறது என்பதையும் சொன்னாள். அவளை அங்கேயே பிடித்து வைத்தார்கள்.

மூன்று மணிக்குச் சார்ஜன் ஒருவரும் இரண்டு பொலிஸ்காரரும் லயத்துக்கு ஏறி வந்தார்கள். கூடவே பேச்சை மொழிபெயர்க்கத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. கொழுந்து மலையிலிருந்து அங்கம்மாவைக் கூப்பிட்டு வந்தார்கள். லயமே வாசலில் நின்றது.

"இந்தா பாரு, சுருக்கா சொல்லு," என்றார் கணக்கப்பிள்ளை. "ஒரு யாழ்ப்பாணத்துப் பொம்பளைப் புள்ள ஒன் வூட்டுக்கு வருமா? கொப்பி எதும் விட்டுட்டுப் போயிருக்கா? கொப்பி இருந்தா அது சொல்றது நெசம். இல்லேன்னா கொழும்புல சீஐடி நாலாம் மாடிக்கு அனுப்புறதாத்தான் பேசிக்கிறாங்க."

இல்லை என்று சொல்லிவிட அங்கம்மாவின் நாக்கு எழுந்தது. அப்படிச் சொன்னால் எல்லாம் முடிந்தது. கொப்பியை அடுப்பில் போட்டுவிடலாம், கறுப்பையாவின் பேர் தப்பும், காம்பரா தப்பும். கொடுத்தால் கணக்கப்பிள்ளை இங்கிலீஷ் வாசிப்பார், அதுவும் லயத்துக்கு முன்னால், சத்தமாக.

அவள் உள்ளே போய் விறகைக் கலைத்தாள். கோடிக் கதவண்டை கறுப்பையா நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சார்ஜன் கொப்பியைப் புரட்டினார். கிழிந்த தாளின் ஓரத்தை விரலால் தடவினார். சிங்களத்தில் ஏதோ உறுமினார்.

"படம் எங்கேன்னு கேக்குறாரு."

"அடுப்பு பத்த வைக்க நான்தாங்க கிழிச்சேன். எனக்கு எழுத்து தெரியாது."

"பொய்ங்கிறாரு."

"படத்துல என்னா இருந்துச்சுன்னு நான் காட்டுறேன். வரச் சொல்லுங்க."

அவள் முன்னால் நடந்தாள். பீலியைக் காட்டினாள். பீலிக்கு மேலே மாட்டுத் தொழுவத்துத் தண்ணி இறங்குகிற இடத்தைக் காட்டினாள். எழுபது பேருக்கு இரண்டு கதவுள்ள கக்கூசுக்குக் கூட்டிப் போனாள். மழையில் அது நிரம்பிக் கானில் ஓடிக்கொண்டிருந்தது. "இதத்தான் எழுதுனிச்சு. இந்தக் கானு எங்க போயி விழுதுன்னு கேட்டுச்சு. வாங்க, அதையும் காட்டுறேன்." சார்ஜன் கைலேஞ்சியை மூக்கில் பொத்திக்கொண்டு பாதி வழியில் திரும்பிவிட்டார். பாதையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இஸ்தோப்புக்கு வந்ததும் கணக்கப்பிள்ளை கொப்பியை வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். இடையில் நிறுத்தி, தமிழில், "அங்கம்மா, ஒன் புருசனுக்குக் காசமா?" என்றார். வாசலில் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். சார்ஜன் ஆளைக் கூப்பிடச் சொன்னார். கறுப்பையா சாக்கைப் போர்த்தபடி வந்து நின்றான். நிமிர்ந்து நிற்கத்தான் பார்த்தான். இருமல் விடவில்லை. குனிந்து குனிந்து இருமினான். சார்ஜன் இரண்டடி பின்னுக்குப் போனார். கொப்பியை அக்குளில் வைத்துக்கொண்டு, மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார்.

பொழுது சாயுமுன்னே பத்மாதேவியை விட்டுவிட்டார்களாம். அவளுடைய விரிவுரையாளர் கடிதத்தோடு வந்து கூட்டிப்போனார் என்று ஹுஸைன் சொல்லியனுப்பினார். வியாழக்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எடுக்கும்போது, கறுப்பையாவின் பேர் வாசிக்கப்படவில்லை. பீலியில் அங்கம்மா குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடங்களை நகர்த்திக்கொண்டார்கள். பயந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நடக்கத் தொடங்கியது. தோட்டத்து டாக்டரையா துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து, கறுப்பையாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் காலை. பெரிய டாக்டர் வார்ட்டுக்கு வந்தார். பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட பன்னிரண்டு பதின்மூன்று பேர். கறுப்பையாவின் கட்டிலைச் சுற்றி அவர்கள் வேலி மாதிரி நின்றபோது அங்கம்மா கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதில் ஒருத்தி பத்மாதேவி. மெலிந்திருந்தாள். அங்கம்மாவைக் கண்டதும் வட்டத்தை விட்டு ஓர் எட்டு வந்தாள்.

"அம்மா, சாப்பிட்டனிங்களோ?"

"கொப்பிய நான்தான் எடுத்தேன் மிஸ்," என்றாள் அங்கம்மா. வேறு எதுவும் முதலில் வரவில்லை.

"தெரியும். குடைக்குக் கீழ வைச்சது எனக்கு நல்ல ஞாபகம்."

"பொறகு ஏன் விட்டுட்டு வந்தேன்னு சொன்னீங்க?"

"எடுத்தவையெண்டு சொன்னா உங்களையும் ஜீப்பில ஏத்தியிருப்பினம்."

அங்கம்மா அவள் முகத்தைத் துருவிப் பார்த்தாள். இவளுக்கு இதனால் என்ன லாபம்? மார்க்ஸ் இதற்கும் கொடுப்பார்களா?

பெரிய டாக்டர் ஏதோ கேட்டார். பத்மாதேவி நிமிர்ந்து நின்று இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினாள். கறுப்பையா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பத்மாதேவியின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்களப் பத்தி என்னா சொல்றீங்க?"

மாணவர்களில் இருவர் சிரித்தார்கள். பெரிய டாக்டர் கையை உயர்த்தினார். பத்மாதேவி அவரிடம் விளக்கியதும், தடக்கித் தடக்கித் தமிழில், "அம்மாட்ட சொல்லுங்க. எல்லாம் சொல்லுங்க" என்றார்.

பத்மாதேவி ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னாள். "இவருக்கு நாப்பத்திமூண்டு வயசு. கவ்வாத்து வேலை. பின்னேரத்தில காய்ச்சல். மெலிஞ்சிட்டார். மூண்டு மாசமா இருமல்."

"இல்ல," என்றாள் அங்கம்மா.

"என்னம்மா?"

"மூணு மாசம் இல்ல. போன தீவாளிக்கு முந்தியே வந்துருச்சு. எட்டு மாசம்."

பத்மாதேவி அதை இங்கிலீஷில் சொன்னபோது சிரித்தவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். பெரிய டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். பத்மாதேவி அதைத் தமிழில் கேட்பதற்குக் கொஞ்சம் தயங்கினாள்.

"இந்த எட்டு மாசமும் இவருக்குப் பக்கத்தில ஆர் அம்மா படுக்கிறது?"

ஒரே காம்பரா. அடுப்போரம் அங்கம்மா. குளிரில் சிவமணி அப்பாவின் கம்பளிக்குள்தான் சுருண்டுகொள்வாள்.

"எம் மக," என்றாள். பிறகு, தனக்குத்தானேகூட இதுவரை சொல்லிக்கொள்ளாததை, மழை, ஈரம், பச்சைத்தண்ணி என்று எத்தனையோ காரணம் சொல்லி மூடிவைத்ததை, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அவளும் இருமுறா. ரெண்டு மாசமா."

கறுப்பையா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"இண்டைக்கே கூட்டிக்கொண்டு வரவேணும்," என்றாள் பத்மாதேவி. "நானும் கூட வாறன்."

"நீங்க வரவேணாம். ரோட்டுல பொலிசு கட்டை போட்டுருக்கான். நானே கூட்டியாறேன்." அவள் சேலையை வரிந்து செருகிக்கொண்டு வார்ட்டைவிட்டு ஓடினாள்.

பின்னேரம் மூன்று மணிக்குச் சிவமணியின் எக்ஸ்ரே படம் வந்தது. பெரிய டாக்டர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடப்பக்கம் விரல்நகம் அளவுக்கு ஒரு நிழல். ஊசியும் குளிசை மாத்திரையும் தவறாமல் எடுத்தால் முழுதாகச் சுகமாகிவிடும், நேரத்தோடு கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்.

அங்கம்மா அதை நம்பவில்லை. பெரிய டாக்டர் அப்பால் போனதும் பத்மாதேவியிடம் கேட்டாள். அவளும் அதையே சொன்னாள். இவள் நம்மைச் சமாதானப்படுத்தச் சொல்வாள் என்று நினைத்து, தமிழ் தெரிந்த இன்னொரு மாணவனை வழிமறித்துக் கேட்டாள். அவனும் அதையே சொன்னான். பிறகு மருந்து கொடுக்கிற நர்ஸை, சைகையும் அரைகுறைச் சிங்களமுமாகக் கேட்டாள். நர்ஸும் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகுதான் மகளின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆட்கள் போக வர இருந்த வராந்தாவின் நடுவிலேயே, அங்கம்மா தரையில் உட்கார்ந்தாள்.